அரசுநிதிப் பணிகளும் தொல்லியல் இடங்களும்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்துத் தாக்க ஆய்வின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

அரசு நிதியில் நடைபெறும் பணிகளால் தொல்லியல் இடங்களுக்கு நேரும் விளைவை முன்கூட்டி ஆராயும் ஏற்பாடு இந்தியாவில் இரண்டு அளவுகோல்களைச் சார்ந்து நிற்கிறது. இடம் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதா என்பது ஒன்று; திட்டம் பெரியதா என்பது மற்றொன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் தொல்லெச்சங்களில் பெரும்பகுதி இவ்விரண்டிற்கும் அப்பால், கண்மாய்க் கரைகளிலும் செம்மண் மேடுகளிலும் சிறு பணிகளின் வழியில் கிடக்கிறது. தூர்வாருதல், கிராவல் எடுத்தல், குழாய் பதித்தல் போன்ற பணிகள் சட்டத்தின் பார்வைக்கு எவ்வாறு தப்புகின்றன என்பதையும், அதனால் தமிழாய்வு எவ்வகைச் சான்றுகளை இழக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுக்கோட்டை, குமிழித்தூம்பு, ஈமக்காடு, தாக்க ஆய்வு, குடிமராமத்து, புல எண்.

முன்னுரை

கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்கள் 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. இந்நிகழ்வைக் காலனிய ஆட்சியின் அலட்சியத்திற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது பொருந்தும், ஆயினும் அதில் வேறொரு செய்தியும் உண்டு. அவ்வணை தீய நோக்கத்தால் எழுந்ததன்று. பாசனத்திற்கு அதனால் நன்மையே விளைந்தது. நற்பணி ஒன்றின் செலவுக் கணக்கில் ஒரு தலைநகரின் மதில் வெறும் கல்லாக எண்ணப்பட்டது. அவ்வாறு எண்ணுமுன் கேள்வி எழுப்ப வேண்டிய கடமை எந்த அலுவலருக்கும் விதிக்கப்படவில்லை. அரசுநிதிப் பணிகளின் தாக்க ஆய்வு என்பது சுருங்கச் சொன்னால் அந்தக் கேள்வியை யார், எப்போது, எந்தத் தாளில் எழுப்புவது என்பதுதான்.

இக்கேள்வியை ஆராய்வதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் மிகப் பொருத்தமான களம். 1948-இல் இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை தனி சமஸ்தானமாக இருந்தமையால், தன் தொல்லெச்சங்களைத் தானே கணக்கெடுத்துக்கொண்ட நிலப்பகுதி இது. 1910-இல் அருங்காட்சியகம் தோன்றியது. 1929-இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை மரபுவாரியாகத் தொகுக்கப்பட்டு மூலபாடமாக வெளிவந்தன. கே. ஆர். வேங்கடராம ஐயர் பதிப்பித்த சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக அச்சேறியது. அதன் இறுதிப் பகுதி ஊர்வாரியாக இடங்களை விவரிப்பது. 1974-இல் மாவட்டம் உருவாவதற்கு முன்பே இம்மண்ணில் எங்கே என்ன உள்ளது என்பது அச்சில் இருந்தது. தகவல் இல்லாமையால் இழப்பு நேர்ந்தது என்று இம்மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. தகவல் நூலகத்தில் இருக்கிறது. மண்வெட்டும் ஆணை வேறோர் அலுவலகத்தில் பிறக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை.

பட்டியலும் பட்டியலுக்குப் புறம்பானவையும்

1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி நாட்டு முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னங்களும் இடங்களும் இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 3,700. தமிழ்நாட்டிற்கு 1966-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமும் உண்டு. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டமும் அறிவர் கோயிலும், நார்த்தாமலையின் விஜயாலய சோழீசுவரம், கொடும்பாளூரின் மூவர்கோயில், திருமயம் கோட்டை ஆகியவையும் மத்தியப் பாதுகாப்பில் உள்ளன. பெருங்கற்கால ஈமக்காடுகள் பலவும் இம்மாவட்டத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது சிறப்பாகச் சுட்டத்தக்கது. பிற மாவட்டங்கள் பலவற்றில் கோயிலும் கோட்டையுமே பட்டியலை நிறைத்திருக்க, இங்கே தாழிகளும் கல்வட்டங்களும் புதைந்த நிலங்களும் சேர்க்கப்பட்டமைக்குச் சமஸ்தானக் காலத்து ஆவணப்படுத்தலே அடிப்படை எனலாம்.

ஆயினும் பட்டியல் என்பது ஒரு காலத்தின் அறிவு. பொற்பனைக்கோட்டை இதற்குச் சான்று. மண்ணாலும் செங்கல்லாலும் அமைந்த அக்கோட்டையின் மதிற்பகுதி கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. அங்குக் கண்டெடுக்கப்பட்ட தமிழ்பிராமி எழுத்துடைய நடுகல், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை நடுகற்களுக்குப் பின் தமிழ் நடுகல் ஆய்வில் முதன்மையான வரவாகக் கருதப்பட்டது. தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கும் கல் நிறுத்தும் முறைமைக்குத் தொல்லியல் துணைநிற்கும் சான்றுகள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கு அகழாய்வு மேற்கொண்டன. அகழாய்வு தொடங்கும்வரை அந்நிலத்தில் சாலை, நீர்த்தொட்டி, மரம் நடும் பணி என எதற்கேனும் நிதி ஒதுக்கப்பட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது சாதாரண நிலமே. நூறாண்டுக் காலம் பாதுகாக்கப்பட்ட இடத்திற்கும் நேற்றுவரை பெயரறியா மேடாயிருந்த இடத்திற்கும் இடையே தகுதியில் வேறுபாடில்லை. அறிவிக்கையில் மட்டுமே வேறுபாடு.

இச்சிக்கலைப் பிற நாடுகளும் எதிர்கொண்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1966-இல் இயற்றப்பட்ட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, நடுவண் அரசின் நிதியோ உரிமமோ பெறும் ஒவ்வொரு பணியும் வரலாற்று இடங்களுக்கு என்ன செய்யும் என்பதைப் பணிக்கு முன்னரே கருத வேண்டும் என விதித்தது. முதலில் அது பதிவேட்டில் ஏறிய இடங்களையே குறித்தது. பதிவேட்டில் ஏறாத இடங்கள் கண்முன் அழிவதைக் கண்டபின், 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏறத் தகுதியுள்ள இடங்களையும் உட்படுத்தியது. ஏறியவை, ஏறத் தகுதியுள்ளவை என்னும் இந்தச் சிறு சொல்மாற்றமே அச்சட்டத்தின் உயிர். இந்தியச் சட்டம் இன்னும் முதற்படியிலேயே நிற்கிறது.

‘கட்டுமானம்’ என்னும் சொல்லின் வரையறை

பட்டியலுக்குள் வந்துவிட்ட இடங்களேனும் அரசுப் பணிகளிலிருந்து முழுமையாகக் காக்கப்படுகின்றனவா என்பதை நோக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி எனவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி எனவும் உறுதிசெய்தது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தையும் தோற்றுவித்தது. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் முன்மொழியப்படும் பெரிய வளர்ச்சித் திட்டங்களின் தாக்கத்தைக் கருதிப் பரிந்துரைப்பது அவ்வாணையத்தின் பணிகளுள் ஒன்று. இங்கும் ‘பெரிய’ என்னும் அடைமொழி வந்து நிற்பதைக் காணலாம்.

அதைவிட முதன்மையானது, அதே திருத்தம் ‘கட்டுமானம்’ என்னும் சொல்லுக்குத் தரும் வரையறை. கட்டடமோ கட்டமைப்போ எழுப்புவது கட்டுமானம். ஆனால் வடிகால்களை அமைப்பதும் தூய்மை செய்வதும், பொதுக் கழிப்பிடம் அமைப்பதும், பொதுமக்களுக்கான நீர்வழங்கல் பணிகளும், மின்வழங்கல் பணிகளும் அதில் அடங்கா. பொதுத்தேவை கருதிய விலக்கு இது. குடிநீருக்கு ஏங்கும் ஊரில் அதை எவரும் மறுத்துரைக்க முடியாது. ஆனால் விளைவை எண்ணிப் பார்த்தால், நினைவுச்சின்னத்தைச் சுற்றிய நிலத்தில் தனியார் ஒருவர் திண்ணை கட்ட அனுமதி பெற வேண்டும். அரசு மூன்றடி ஆழத்தில் குழாய்ப் பள்ளம் வெட்டலாம் என்றாகிறது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு உள்ளே மண்வெட்டுவதற்கு மட்டும் தனித் தடை உண்டு. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் வீடுதோறும் குழாய் இணைப்பை நோக்கமாகக் கொண்டது. பழைய குடியிருப்பு மேட்டின்மீதே இன்றைய ஊர் அமைந்திருக்கும் இடங்களில் அப்பள்ளங்களே அம்மேட்டின் அடுக்குகளை முதன்முறையாக வெட்டிக் காட்டுகின்றன. பார்ப்பதற்குத்தான் எவரும் அருகில் இல்லை.

சுற்றுச்சூழல் சட்டங்கள் இவ்விடைவெளியை நிரப்பக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2016 சனவரியில் செய்யப்பட்ட திருத்தம், அனுமதி தேவைப்படாத பணிகளின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தது. ஊர்க் குளங்களையும் ஏரிகளையும் தூர்வாருதல், கிராமச் சாலை அமைத்தல், குளம் வெட்டுதல், கரை அமைத்தல் எனத் தேசிய ஊரக வேலையுறுதித் திட்டத்திலும் பிற அரசுத் திட்டங்களிலும் செய்யப்படும் சமூகப் பணிகள் அதில் உள்ளன. 2020 மார்ச்சில் மேலும் ஒரு விலக்கு வந்தது: சாலை, குழாய்வழி போன்ற நீள்தடத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதற்கும் அனுமதி வேண்டா என்றது. வரம்பும் நெறிமுறையும் அற்ற இவ்விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நீக்கியது. அந்த நான்காண்டுகளில் எங்கெங்கே மண் எடுக்கப்பட்டது என்பதற்குத் தொல்லியல் நோக்கில் கணக்கு எதுவும் எழ வழியில்லை. விலக்கு என்பதன் பொருளே கேட்காமலிருத்தல்.

மேலே கண்ட விலக்குகளை ஒன்றாக அடுக்கினால் புதுக்கோட்டை மாவட்டத்தின் வரைபடமே கிடைக்கிறது: கண்மாய், கரை, மேட்டுநிலம், ஊர்ச்சாலை. இவையே இம்மாவட்டத்துத் தொல்லெச்சங்களின் இருப்பிடங்களும் ஆகும்.

கண்மாயும் குமிழித்தூம்பும்

காவிரிப் பாசனப் பரப்பிற்கும் வைகைப் பரப்பிற்கும் இடைப்பட்ட இந்நிலம் பெரிதும் மழைநீரையும் கண்மாய்களையும் நம்பி வாழ்வது. கண்மாயைப் பழங்காலத்தவர் நிறுவிய கட்டமைப்பாகக் கருதாமல் நீர்நிலையாக மட்டுமே கருதும் வழக்கம் நிர்வாகத்தில் வேரூன்றியுள்ளது. ஆனால் கரை, கலிங்கு, தூம்பு, வரத்துக்கால், மறுகால் என அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் காலந்தோறும் எழுப்பப்பட்டும் திருத்தப்பட்டும் வந்த கட்டுமானங்கள்.

இவற்றுள் குமிழித்தூம்பு தனிக் கவனத்திற்குரியது. கரையிலிருந்து சற்று உள்ளே, நீர்பிடிப்பரப்பில் இரண்டு கற்றூண்கள் நடப்பட்டு, அவற்றை இணைத்துத் துளையுடைய குறுக்குக்கற்கள் பொருத்தப்பட்டிருக்கும். அத்துளைவழி இறங்கும் தண்டின் முனை, கீழே கல்தொட்டியின் வாயை அடைக்கும். தண்டை உயர்த்தினால் நீர் தொட்டிக்குள் இறங்கிக் கரைக்கு அடியிலுள்ள சுருங்கைவழி வயற்காலுக்குச் செல்லும். நீரோடித் துளை, சேறோடித் துளை என இருவகைத் துளைகள் அமைத்து நீரோடு சேற்றையும் வெளியேற்றிய நுட்பம் பாசன வரலாற்றாய்வாளரால் பெரிதும் போற்றப்படுவது. தூம்பு செய்தளித்தவரின் பெயர் அத்தூண்களிலேயே பொறிக்கப்படுவதும் உண்டு. கோயிற் கல்வெட்டுகள் தேவதானத்தையும் விளக்கெரிப்பையும் பேச, தூம்புக் கல்வெட்டுகள் நீரைப் பேசுகின்றன. கோயிலுக்குள் இடம்பெறாத சிற்றூர்த் தலைவரும் கல்தச்சரும் இவற்றில் பெயர் பெறுகின்றனர்.

இக்கற்களின் பயன் எழுத்தோடு முடிவதில்லை. தூம்பு நிற்கும் இடம் கண்மாயின் பழைய ஆழத்தைக் காட்டும். தூணின் அடிப்பகுதி எவ்வளவு புதைந்துள்ளது என்பது அது நடப்பட்ட பின்னர்ப் படிந்த வண்டலின் அளவைச் சொல்லும். கரையிலிருந்து அதன் தொலைவு கரை எப்பக்கம் வளர்ந்தது என்பதைத் தெரிவிக்கும். இன்னொன்றும் உண்டு. சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் மரபுவழி எல்லையாகச் சொல்லப்படும் வெள்ளாறு இம்மாவட்டத்தின் ஊடே செல்கிறது. வட்டெழுத்தும் தமிழெழுத்தும் அருகருகே வழங்கிய பகுதி இது. எந்த எழுத்து ஆற்றின் எக்கரையில், எந்த நூற்றாண்டில் வழங்கியது என்னும் வினாவிற்கு விடை, கல்வெட்டின் பாடத்தில் பாதியும் அது நின்ற இடத்தில் பாதியுமாக உள்ளது. இடம் குறிக்கப்படாமல் பெயர்க்கப்பட்ட தூண் அருங்காட்சியகத்தில் எழுத்தைக் காப்பாற்றலாம். ஆனால் எல்லையாய்வுக்கு அது ஊமைக் கல்.

2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரில் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே கண்மாய்களிலிருந்து வண்டல் மண்ணை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் வழிவகுக்கப்பட்டது. வறட்சியில் வாடிய மாவட்டத்திற்கு இரண்டும் தேவையானவையே. தொல்லியல் நோக்கில் வினா எழுவது பணியின்மீதன்று, அதன் முறையின்மீது. முற்காலக் குடிமராமத்தில் ஊரார் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வெட்டினர். இன்றைய பணியில் பொக்லைன் இயந்திரம் இறங்குகிறது. மண்வெட்டியின் முனையில் கல்தொட்டி தட்டுப்பட்டால் கை நிற்கும்; இயந்திரத்தின் வாளிக்கு அவ்வுணர்வில்லை. ஊரக வேலையுறுதித் திட்டப் பணிகளில் தாழிகளும் சிற்பங்களும் வெளிப்பட்ட செய்திகள் தமிழகமெங்கும் அடிக்கடி வருவதற்கும், இயந்திரப் பணிகளிலிருந்து அத்தகைய செய்திகள் அரிதாக வருவதற்கும் காரணம் இதுவே எனக் கருதலாம். கையால் செய்யும் பணியில் அதிகம் கிடைக்கிறது என்பதன்று; கிடைப்பது கண்ணில் படுகிறது.

தூர்வாரும்போது தூம்புக்கல் பெயர்வதற்கு வேறொரு காரணமும் உள்ளது. கரையிலேயே திருகுமுறை ஷட்டர் பொருத்தப்பட்டபின் உள்ளே நிற்கும் குமிழி பயனற்றதாகிறது. மதிப்பீட்டில் அதற்குப் பெயரில்லை. பெயரில்லாத பொருள் ‘இடையூறு’ ஆகிறது. பின்னர் அது துவைகல்லாகவோ படிக்கல்லாகவோ கரையின் உள்நிரப்பாகவோ மாறுகிறது. கரையில் நிறுத்தப்பட்ட நடுகல், அய்யனார், தீர்த்தங்கரர் சிற்பங்கள் இத்தகைய கதிக்குப் பெரும்பாலும் தப்புவது வழிபாட்டினால்தான். வழிபடப்படும் கல்லைச் சுற்றி மண்வெட்டுபவர் ஒதுங்குவர். எழுத்து மட்டுமே உள்ள தூணுக்கு அந்தக் காவலும் இல்லை.

செம்மண் மேடும் கிராவலும்

ஈமக்காடுகள் பொதுவாக உழவிற்கு உதவாத மேட்டுநிலங்களிலேயே அமைந்தன. நீர் தேங்காத, கெட்டியான, சரளை கலந்த செம்மண்ணைப் பெருங்கற்கால மக்கள் தேர்ந்தனர். தாழியில் கவிப்பதைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள் (228, 256) குறிக்கும் வழக்கத்தின் பருப்பொருட் சான்றுகள் அம்மண்ணிலேயே கிடக்கின்றன. சாலைப் பொறியாளர் தேடும் மண்ணும் அதுவே. சாலையின் அடித்தளத்திற்கும் கரை உயர்த்துவதற்கும் வேண்டிய கிராவல் நீர் தேங்காத, கெட்டியான, சரளை கலந்த மேட்டில்தான் கிடைக்கும். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இரு சாரார் ஒரே மண்ணைத் தேர்ந்திருப்பது தற்செயல் அன்று. நிலவியல் அவ்வாறு அமைந்துள்ளது. ஆகவே சாலை செல்லும் தடத்தை மட்டும் ஆராய்ந்து ‘தொல்லெச்சம் இல்லை’ எனச் சான்றளிப்பது பாதி ஆய்வே. சாலை வயல்வழியே செல்லும். அதற்கான மண் ஐந்து கல் தொலைவிலுள்ள ஈமக்காட்டிலிருந்து வரும். ஜல்லியோ குன்றிலிருந்து வரும். நார்த்தாமலைப் பகுதிக் குன்றுகளில் குகைத்தளங்களும் சமணத் தடயங்களும் குடைவரைகளும் நெருங்கியிருக்க, அவற்றுக்கு அண்மையில் கல்லுடைக்கும் தொழில் நடந்துவந்துள்ளமை ஆய்வாளர் அறிந்ததே. அமெரிக்க நடைமுறையில் ஒரு பணியின் விளைவு எட்டும் பரப்பு முழுவதையும் வரையறுக்க வேண்டும் என்பது விதி. மண் எடுக்கும் குழியும் அப்பரப்பில் அடங்கும்.

மேட்டுநிலங்கள் பெரும்பாலும் புறம்போக்காகவோ தரிசாகவோ காட்டுநிலமாகவோ உள்ளன. உழப்படாமையால் ஈமச்சின்னங்கள் அங்கே தப்பின. நிலம் கையகப்படுத்தும் செலவில்லாமையால் அரசுக் கட்டடங்களும் குடியிருப்புத் திட்டங்களும் முதலில் அங்கேயே இடம் தேடுகின்றன. காத்த காரணமே அழிக்கும் காரணமாகவும் மாறுகிறது. மாவட்டத்தின் காட்டுநிலங்களில் பரவலாக வளர்க்கப்படும் தைலமரத் தோப்புகளையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். மரம் நடுதல் கட்டுமானம் அன்று. அழிவுப்பணியாக எவரும் அதைக் கருதுவதுமில்லை. நடுவதற்கு முன் வரிசையாக ஆழ உழுவதும், வெட்டியபின் மீண்டும் உழுவதும் மேலாகப் புதைந்த தாழிகளை என்ன செய்யும் என்பதைக் களத்தில் சிதறிய கருப்பு-சிவப்பு ஓடுகளே காட்டும்.

கால்வாயின் தடம்

2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை ஒன்றியம் குன்னத்தூரில் காவிரி – தெற்கு வெள்ளாறு – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. மாயனூர்க் கதவணையிலிருந்து குண்டாறுவரை ஏறத்தாழ 262 கி.மீ. நீளம், முதற்கட்டமாகத் தெற்கு வெள்ளாறுவரை 118.45 கி.மீ. சமஸ்தானக் கையேடு ஈமக்காடுகளையும் பழங்கண்மாய்களையும் ஊர்தோறும் விவரித்த நிலப்பரப்பை ஊடறுத்துச் செல்லும் திட்டம் இது. புதுக்கோட்டை உழவர் பல தலைமுறையாக வேண்டிநின்ற நீர் இது என்பதையும் மறக்கலாகாது.

இத்தகைய நீள்தடத் திட்டங்களில் ஒரு வசதி உண்டு: தடத்தைச் சற்றே வளைக்கலாம். அணை நிற்கும் இடத்தை மாற்றுவது அரிது. கால்வாயை 200 மீட்டர் ஒதுக்குவது, வரைபட நிலையிலேயே கூறப்பட்டால், பொறியாளருக்கு அன்றாட வேலை. நிலம் கையகப்படுத்தி ஒப்பந்தம் விட்ட பின்னர் அதே மாற்றம் வழக்காகவும் காலத்தாழ்வாகவும் செலவாகவும் முடியும். எனவே தாக்க ஆய்வு எத்துணைச் சிறப்பாகச் செய்யப்படுகிறது என்பதைவிட எப்போது செய்யப்படுகிறது என்பதே முதன்மை.

நாகார்ச்சுனசாகர் அணைக்காக நாகார்ச்சுனகொண்டா பள்ளத்தாக்கு மூழ்குமுன், 1954 முதல் 1960 வரை அங்குப் பேரளவில் அகழாய்வு நடத்தப்பட்டது. முதன்மையான கட்டடங்கள் பெயர்த்து உயர்ந்த இடத்தில் அமைக்கப்பட்டன. இந்தியாவில் அரசுத் திட்டமும் தொல்லியலும் இசைந்து செயற்பட்டமைக்கு அது நன்கு அறியப்பட்ட முன்மாதிரி. ஆனால் அம்முன்மாதிரி ஒரு தீங்கையும் விளைத்தது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. மூழ்கும் நகரம் ஒன்றைக் காப்பதுதான் மீட்புத் தொல்லியல் என்னும் எண்ணத்தை அது நிலைநிறுத்தியது. ஒரே கண்மாயில் மூன்று தூம்புக்கற்கள் பெயர்வது அந்த எண்ணத்தில் நிகழ்வாகவே பதிவதில்லை. பெருந்திட்டத்திற்கு எதிர்ப்பு எழும், நாளிதழ் எழுதும், நீதிமன்றம் கேட்கும். சிறுபணிக்குக் கேட்பார் இல்லை. மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான நீர்நிலைகளில் ஆண்டுதோறும் நிகழும் சிறு மாற்றங்களின் கூட்டுத்தொகை ஒரு கால்வாயின் தாக்கத்தைவிடச் சிறிதாக இருக்கும் என்று கொள்ளக் காரணமில்லை.

பாதுகாப்புப் பணியும் தாக்கமே

தாக்கம் என்பது அழிவு நோக்கிய பணியால் மட்டும் வருவதன்று. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முன்னுள்ள தூண்தாழ்வாரம் இருபதாம் நூற்றாண்டில் சமஸ்தான நிர்வாகத்தால், டாட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேய நிர்வாகியின் ஏற்பாட்டில் கட்டப்பட்டது. அதற்கான தூண்கள் குடுமியான்மலையின் சிதைந்த மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டன. ஓவியங்களை வெயிலும் மழையும் தாக்காமல் அது காத்துவருகிறது. அதே வேளையில் குடுமியான்மலையின் ஒரு மண்டபம் தன் தூண்களை இழந்தது. குடைவரையின் முகப்போ அதற்குரியதல்லாத தோற்றத்தைப் பெற்றது. வரலாறு அறியாத பார்வையாளர் அத்தூண்களையும் பாண்டியர் காலத்தனவாகக் கொள்ளக்கூடும். இம்முடிவைப் பிழை எனத் தள்ள இயலாது. ஓவியம் எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனினும் ஓரிடத்துக்கு நன்மை செய்த பணி மற்றோரிடத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது. கோயில் திருப்பணிகளில் கல்வெட்டுகள் சிதைந்தமை குறித்து யுனெஸ்கோ குழு 2017-இல் அளித்த அறிக்கையும், தொல்சின்னப் பாதுகாப்பு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் வழங்கிய 75 கட்டளைகளும் இவ்வகைப் பணிகளைப் பற்றி விரிவாகவே பேசிவிட்டன.

புல எண்ணும் மதிப்பீட்டுத் தாளும்

ஜப்பானில் 1950-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டம் புதைந்துள்ள எச்சங்களுக்குத் தனி ஏற்பாடு செய்கிறது. அறியப்பட்ட இடங்களை உள்ளாட்சிகள் வரைபடமாக வைத்துள்ளன. நான்கரை லட்சத்திற்கும் மேற்பட்ட இடங்கள் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. அவ்விடங்களில் மண்வெட்ட விரும்புவோர் 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அவற்றுள் மிகச்சிலவே நாட்டு முக்கியத்துவம் உடையனவாக அறிவிக்கப்பட்டவை. அறிவிக்கப்படுதல் வேறு, அறியப்படுதல் வேறு. கேள்வி எழுப்ப அறியப்படுதலே போதும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. இலங்கையிலும் 2000-ஆம் ஆண்டின் அரசிதழ் ஆணை வளர்ச்சித் திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2020-இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென அமைந்த செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முசுலிம்களோ இடம்பெறவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். யாருடைய எச்சம் எனத் தீர்மானிக்கும் அதிகாரம் மக்களை விட்டு விலகினால், தொல்லியல் ஆய்வே நிலத்தைப் பறிக்கும் கருவி என்னும் அச்சத்தைத் தோற்றுவிக்கும்.

புதுக்கோட்டையில் இத்தகைய பதிவேட்டிற்கான மூலப்பொருள் எண்பதாண்டுகளாக அச்சில் உள்ளது. குறைவது ஒன்றே: அவ்விடங்கள் ஊர்ப்பெயரால் சுட்டப்படுகின்றன, வருவாய்த்துறையும் பொறியாளரும் புல எண்ணால் பேசுகின்றனர். கையேடு ‘ஊருக்கு மேற்கே’ எனச் சொல்லும் ஈமக்காடு இன்றைய புலப்படத்தில் எந்த எண், அது புறம்போக்கா காட்டுநிலமா என்பதை ஒப்பிட்டெழுதுவது களப்பணியும் ஏட்டுப்பணியும் கலந்த வேலை. மக்கள் வழங்கும் நிலப்பெயர்கள் இதற்குத் துணைநிற்கும். பாண்டவர் குழி, குரங்குப்பட்டடை போன்ற பெயர்கள் தமிழகத்தின் பல பகுதிகளில் ஈமச்சின்னங்களைச் சுட்டுவன. இடப்பெயராய்வும் கல்வெட்டாய்வும் பயிற்றுவிக்கும் தமிழ்த்துறைகளுக்கு இது புறத்துறை வேலையன்று. கிராம அ-பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் ‘ஈமச்சின்னம்’, ‘தூம்புக் கல்வெட்டு’ என ஒரு சொல் ஏறினால், அந்நிலத்தைத் தொடும் எந்த மதிப்பீட்டிலும் அச்சொல் உடன்வரும். புதிய சட்டம் இதற்குத் தேவையில்லை.

எந்த அலுவலகத்திலிருந்து தொடங்குவது என்பதற்கும் விடை உண்டு. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. எண்ணிக்கையில் மிகுதியானவை பின்னவை. ஆவணத்தில் மெலிந்தவையும் அவையே. ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு எழுதும்போது கண்மாயினுள் நிற்கும் கற்களை எண்ணி, ஒளிப்படத்துடன் இணைத்து, ‘அகற்றலாகாது’ என ஒரு வரி சேர்ப்பதற்கு நிதி வேண்டியதில்லை. பணியின்போது புதிதாக ஏதேனும் வெளிப்பட்டால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கும் பாதை 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்திலேயே உள்ளது. அது பொற்காசுக்கும் படிமத்திற்கும் மட்டுமே நினைவுக்கு வருகிறது. தாழிக்கும் தூணுக்கும் அதே பாதை போதும்.

கால அளவில் மட்டும் ஒரு நெருக்கடி உள்ளது. குமிழித்தூம்பின் அடிவரை பார்த்து அளக்கக் கண்மாய் வற்றியிருக்க வேண்டும்; இம்மாவட்டத்தில் அது பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில்தான் கூடும். தூர்வாரும் இயந்திரம் இறங்குவதும் அம்மாதங்களிலேயே. ஆதலின் ஒரு கண்மாயின் கற்களைப் பதிவு செய்யும் பணி, அதற்கு நிதி ஒதுக்கப்படும் ஆண்டிற்கு முந்தைய கோடையிலேயே முடிந்திருக்க வேண்டும்.